குத்தகைப் பத்திரத்தில் குடியரசுத் தலைவர்: வாடகைப் பாக்கியை யாரிடம் கேட்பது?

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பையும் பட்டாலை எனும் கூடத்தையும் என் மாமனார் 1998-இல் ஒன்றிய அரசு அலுவலகம் ஒன்றுக்குப் பத்து ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். பத்திரத்தில் குத்தகைதாரர் என்ற இடத்தில் 'இந்தியக் குடியரசுத் தலைவர்' என்று இருக்கிறது. தவணை முடிந்த பிறகும் அலுவலகம் அங்கேயே நடக்கிறது. பழைய வாடகையே வந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாடகையை உயர்த்தித் தருவதாக உள்ளூர் அதிகாரி கடிதம் கொடுத்தார், உயரவில்லை. இப்போது இரண்டே கால் ஆண்டுகளாகப் பழைய வாடகையும் நின்றுவிட்டது. புதிய பத்திரம் இல்லாததால் தணிக்கையில் தடை என்கிறார்கள். குத்தகைதாரரே குடியரசுத் தலைவர்தானே என்று அவருக்கே மனு அனுப்பினேன். 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. பிறகு அந்த மனு அமைச்சகம், துறை, மண்டல அலுவலகம் என்று இறங்கி, எங்கள் முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதே அதிகாரியின் மேசைக்கு வந்துவிட்டது. நாட்டின் தலைவருக்குத் தம் அதிகாரிக்கு உத்தரவிட அதிகாரம் இல்லையா? அவர் மீது வழக்கே போட முடியாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் மகன். என் கணவர் காலமாகிவிட்டார். கொழுந்தனார் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடியரசுத் தலைவருக்கு நீங்கள் அனுப்பிய மனுவும், அதன் மேல் நடக்கும் கடிதப் போக்குவரத்தும், வழக்குத் தொடுப்பதற்கான உங்கள் காலக்கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்கவில்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி வாடகைப் பாக்கிக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு மாத வாடகைக்கும் தனித்தனியாக, அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓடும். வாடகை நின்று இரண்டே கால் ஆண்டுகள் ஆகிவிட்டன என்றால், நின்றுபோன முதல் மாதத்தின் வாடகைக்கு இன்னும் ஒன்பது மாதங்களே மீதம் இருக்கின்றன. அதற்குள் நீங்கள் நீதிமன்றத்தை அணுகாவிட்டால் முதலில் அந்த மாதமும், அதன் பின் மாதத்துக்கு ஒன்றாக மற்றவையும் கைவிட்டுப் போய்விடும். நியாயம் உங்கள் பக்கம் இருப்பதை யாரும் மறுக்காத நிலையிலும் இது நடக்கும் என்பதால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

இனி, பத்திரத்தில் குடியரசுத் தலைவரின் பெயர் ஏன் இருக்கிறது என்பதைப் பார்ப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 299-ஆவது பிரிவு, ஒன்றிய அரசு தன் நிர்வாக அதிகாரத்தின்படி செய்யும் எல்லா ஒப்பந்தங்களும் குடியரசுத் தலைவரால் செய்யப்படுவதாகவே எழுதப்பட வேண்டும் என்றும், அவர் அதிகாரம் அளித்த அலுவலரே அவர் சார்பில் கையொப்பமிட வேண்டும் என்றும் கூறுகிறது. மாநில அரசின் அலுவலகமாக இருந்திருந்தால் அதே இடத்தில் ஆளுநர் என்று எழுதியிருப்பார்கள். இது விடுதலைக்குப் பிறகு புதிதாக வந்த வழக்கமும் அன்று. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தில் தலைமை ஆளுநரின் பெயரால் ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று 175-ஆவது பிரிவு சொன்னதன் தொடர்ச்சியே இது.

உங்கள் குடும்பத்தில் பர்மாவிலோ மலேயாவிலோ கொண்டுவிற்றவர்கள், அதாவது வட்டிக்கடை நடத்தியவர்கள், இருந்திருந்தால் இதை எளிதில் விளங்கிக்கொள்வீர்கள். அங்கே கடையின் எழுத்து முழுவதும் முதலாளியின் விலாசத்தில்தான், அதாவது அவர் கடைப் பெயரில்தான், நடக்கும், கையொப்பமிடுபவர் மேலாள். அந்தக் கையொப்பம் முதலாளியைக் கட்டுப்படுத்துவது, மேலாளுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் எல்லைக்குள் மட்டுமே. 299-ஆவது பிரிவின் நோக்கமும் இதுதான்: அதிகாரம் பெறாத அலுவலர் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதத்தால் பொதுப் பணம் கடன்படக் கூடாது. ஆனால் ஓரிடத்தில் ஒப்புமை முறிந்துவிடுகிறது. முதலாளி தம் சொத்தைக் கொண்டு பதில் சொல்ல வேண்டியவர். குடியரசுத் தலைவரோ, அவர் சார்பில் கையொப்பமிட்ட அலுவலரோ இத்தகைய ஒப்பந்தத்துக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார்கள் என்று அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கடன் அரசினுடையது, அதைச் செலுத்தும் கடமையும் அரசினுடையது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. 361-ஆவது பிரிவின்படி, தம் பதவியின் அதிகாரங்களைப் பயன்படுத்தியதற்காகக் குடியரசுத் தலைவர் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அல்லர். பதவிக் காலத்தில் அவர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கவும் முடியாது. ஆனால் அதே பிரிவு, இந்த விலக்கு இந்திய அரசுக்கு எதிராகத் தக்க நடவடிக்கை தொடரும் எவருடைய உரிமையையும் குறைப்பதாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. 300-ஆவது பிரிவு, இந்திய அரசு 'இந்திய ஒன்றியம்' என்ற பெயரால் வழக்குத் தொடுக்கலாம், அதன் மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. பீகார் சட்டமன்றக் கலைப்பு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், 361-ஆவது பிரிவின்படி ஆளுநருக்கு உள்ள தனிப்பட்ட விலக்கு அவருடைய நடவடிக்கையின் செல்லுபடியை ஆராய்வதற்குத் தடை அன்று என்று தீர்ப்பளித்தது; குடியரசுத் தலைவருக்கு விலக்கு அளிப்பதும் அதே பிரிவுதான். ஆகவே நீங்கள் தொடுக்கும் வழக்கில் எதிர்வாதி குடியரசுத் தலைவர் அல்லர். சம்பந்தப்பட்ட துறையின் செயலர் வழியாக இந்திய ஒன்றியம். வழக்குத் தொடுப்பது குற்றமோ அவமரியாதையோ ஆகிவிடும் என்ற அச்சம் உங்களுக்குச் சிறிதும் வேண்டாம்.

மகன் சொல்லும் யோசனைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். குடியரசுத் தலைவருக்கே எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வழக்குத் தொடுக்கும் முறை ஒன்று 361-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அது அவர் தனிப்பட்ட முறையில் செய்த செயல்கள் தொடர்பான உரிமையியல் வழக்குகளுக்கு உரியது. உங்கள் வீட்டை அவர் தமக்காக எடுத்துக்கொள்ளவில்லை. எனவே இராஷ்டிரபதி பவனுக்கு அனுப்பும் நோட்டீஸ், அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பாத நோட்டீஸாகவே கருதப்படும்.

உங்கள் கடிதத்தின் மையக் கேள்விக்கு வருகிறேன்: தம் அதிகாரிக்கு உத்தரவிடக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் இல்லையா? 53-ஆவது பிரிவை மட்டும் படிப்பவர் இருக்கிறது என்றே சொல்வார். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் உள்ளது என்றும், அதை அவர் நேரடியாகவோ தமக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்கள் வழியாகவோ செலுத்துவார் என்றும் அப்பிரிவு சொல்கிறது. ஆனால் அதை 74-ஆவது பிரிவோடு சேர்த்தே படிக்க வேண்டும். பிரதமரைத் தலைமையாகக் கொண்ட அமைச்சரவை அவருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும். அந்த ஆலோசனைப்படியே அவர் செயல்பட வேண்டும். 'படியே' என்ற கட்டாயம் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் வெளிப்படையாக எழுதப்பட்டது. ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு அவர் கேட்கலாம் என்பதும், மறுபரிசீலனைக்குப் பிறகு வரும் ஆலோசனையை அவர் ஏற்க வேண்டும் என்பதும் 1978-இல் 44-ஆவது திருத்தம் சேர்த்தவை.

இந்த ஐயம் உங்களுக்கு மட்டும் எழுந்தது அன்று. 1960-இல் டெல்லியில் இந்தியச் சட்ட நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில், நம் முதல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்களே, தம் பதவியின் அதிகாரங்கள் பிரிட்டிஷ் அரசரின் அதிகாரங்களைப் போன்றவைதாமா என்பதை ஆராய வேண்டும் என்று பேசினார். அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் முழுமையாகத் தீர்த்தது 1974-இல், சம்ஷேர் சிங் வழக்கில். பஞ்சாபில் வேலையிழந்த நீதித்துறை அலுவலர்கள் இருவர், தங்களை நீக்கியது ஆளுநரின் சொந்த முடிவு அன்று, ஆகவே அது செல்லாது என்று வாதிட்டார்கள். ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ஏற்கவில்லை. அரசமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் 'மனநிறைவு' என்று சொல்லும் இடங்களில் அது அமைச்சரவையின் மனநிறைவையே குறிக்கும் என்றும், அலுவல் விதிகளின்படி ஓர் அலுவலர் எடுக்கும் முடிவு அரசின் முடிவே என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.

அந்த அலுவல் விதிகள் 77-ஆவது பிரிவின் கீழ் வந்தவை. எந்தப் பொருள் எந்தத் துறைக்கு உரியது, எந்த முடிவு எந்த நிலையில் எடுக்கப்பட வேண்டும் என்பவற்றை 1961-ஆம் ஆண்டின் இரண்டு விதித் தொகுப்புகள் வகுத்திருக்கின்றன. உங்கள் வாடகை அந்தப் பங்கீட்டில் ஒரு குறிப்பிட்ட துறையிடம் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் செயலகம் அந்தத் துறையைத் தாண்டி 'உடனே பணம் கொடு' என்று எழுதினால், அந்த உத்தரவுக்கு நாடாளுமன்றத்தில் எந்த அமைச்சரும் பதில் சொல்லக் கடமைப்பட மாட்டார். பதில் சொல்ல ஆளில்லாத உத்தரவு இன்று உங்களுக்குச் சாதகமாக வரலாம். நாளை இன்னொருவரின் வீட்டைப் பறிப்பதாகவும் வரலாம். இந்தக் காரணத்தால்தான் இந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாக நினைப்பதில்லை. குடிமக்களுக்குப் பெரிய பாதுகாப்பாகவே நினைக்கிறேன்.

அதற்காக அவர் வெறும் முத்திரை அல்லர். 78-ஆவது பிரிவின்படி அரசின் நிர்வாகம் பற்றிய தகவல்களைப் பிரதமரிடம் கேட்டுப் பெறலாம். ஓர் அமைச்சர் தனியாக எடுத்த முடிவை அமைச்சரவையின் முன் வைக்கச் சொல்லலாம். பண மசோதா அல்லாத மசோதாவை 111-ஆவது பிரிவின்படி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். நம் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், ஆதாயப் பதவி தொடர்பான மசோதாவை 2006-இல் அப்படித் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியபோது சட்டப்படி ஒப்புதல் அளித்தார். ஜைல் சிங் அவர்களோ 1986-இன் அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவுக்கு ஒப்புதலும் தரவில்லை, அதைத் திருப்பியும் அனுப்பவில்லை. இவை நாட்டளவிலான கொள்கையைத் தொடும் அதிகாரங்கள். ஒரு வீட்டின் வாடகைக் கோப்பு இவற்றுக்குள் வராது.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் மனுவுக்கு நேர்ந்ததை என்னால் நியாயப்படுத்த முடியாது. மனுவைத் துறைக்கு அனுப்பியது சரி. அந்தத் துறை, யார் மீது புகாரோ அவரிடமே மனுவை இறக்கிவிட்டுக் கை கழுவியது சரியன்று. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது நிர்வாகச் சட்டத்தின் அடிப்படை நெறி. புகார் மனுவை அனுப்புவது தீர்ப்பு வழங்குவது அன்று என்று வாதிடலாம் என்றாலும், குறைந்தது ஒரு படி மேலே உள்ள அலுவலர் பதில் எழுத வேண்டும் என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்படிக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

காத்திருப்பதற்குப் பதிலாக, இந்த வாரமே அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். வாடகையை நிறுத்தச் சொன்ன தணிக்கைக் குறிப்பின் நகல், வாடகை உயர்வு பற்றிய கோப்பின் குறிப்புகள், மத்தியப் பொதுப்பணித் துறையிடமோ வேறு குழுவிடமோ வாடகை மதிப்பீட்டுச் சான்று கேட்கப்பட்டிருந்தால் அதன் நகல், உங்கள் வட்டாரத்தில் குத்தகைப் பத்திரங்களில் குடியரசுத் தலைவர் சார்பில் கையொப்பமிட 299-ஆவது பிரிவின் கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர் யார் என்ற விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு செய்யலாம். 'பாக்கி இருக்கிறது, அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்' என்று அதிகாரம் உள்ள அலுவலர் கையொப்பமிட்ட ஒரு வரி கிடைத்தால்கூட அதைப் பத்திரப்படுத்துங்கள். காலக்கெடு முடிவதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், காலவரையறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும்.

கடித மூலம் உறுதியளிக்கப்பட்ட வாடகை உயர்வில்தான் உங்கள் வழக்கின் சிக்கல் இருக்கிறது. 299-ஆவது பிரிவுக்கு இணங்க முத்திரைத்தாளில் எழுதிய பத்திரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதிகாரம் பெற்ற அலுவலர் குடியரசுத் தலைவர் சார்பில் எழுதிய கடிதங்கள் மூலமாகவும் ஒப்பந்தம் உருவாகலாம் என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் எழுதியவருக்கு அந்த அதிகாரம் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால், அவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதியிருந்தாலும் அந்த உறுதி அரசைக் கட்டுப்படுத்தாது; 1961-இல் பிக்ராஜ் ஜெய்ப்பூரியா வழக்கில் வந்த தீர்ப்பின் சாரம் இதுவே. அதே ஆண்டில், மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் இன்னொரு வழியும் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் முறைப்படி அமையாவிட்டாலும், இலவசமாகத் தரும் எண்ணமின்றி ஒருவர் தந்த பயனை அரசு ஏற்று அனுபவித்திருந்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி அதற்கு ஈடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. எனவே உங்கள் வழக்கில் உயர்த்தப்பட்ட வாடகையை முதன்மைக் கோரிக்கையாகவும், அது ஏற்கப்படாவிட்டால் இடத்தைப் பயன்படுத்தியதற்கான நியாயமான ஈட்டை மாற்றுக் கோரிக்கையாகவும் சேர்த்தே கேட்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கடிதம் என்பதால், கடந்த மூன்று ஆண்டுகளுக்கு உரிய வித்தியாசத்தை மட்டுமே கேட்க முடியும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

வழக்குக்கு முன்பு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஒன்றிய அரசுக்கு எதிரான வழக்கில், இரயில்வே அல்லாத துறையாக இருந்தால், அந்த அறிவிப்பு அரசின் செயலருக்குப் போக வேண்டும். உங்கள் பெயர், முகவரி, வழக்குக்கான காரணம், நீங்கள் கேட்கும் தீர்வு ஆகியவை அதில் விடுபடாமல் இருக்க வேண்டும். ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்பி, ஒரு நகலை உள்ளூர் அலுவலகத்தில் கொடுத்துத் தேதியுடன் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மாதமும் காலக்கெடுவில் கணக்கிடப்படாது. வழக்கை டெல்லியில் தொடுக்க வேண்டியதில்லை. வீடு எந்த நீதிமன்றத்தின் எல்லையில் இருக்கிறதோ அங்கேயே தொடுக்கலாம். அரசு எதிர்வாதியாக உள்ள வழக்கில் சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் அதற்கு நீதிமன்றமே துணை செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்வதால், பாக்கி மறுக்கப்படாத உங்கள் வழக்கு விரைவில் முடியவும் இடமுண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வாடகை எவ்வளவு என்பதிலேயே தகராறு இருப்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

வீட்டு உரிமை பற்றியும் ஒரு சொல். கணவர் காலமான பிறகு அவருடைய பங்கில் மகனோடு நீங்களும் வாரிசு. உங்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். கொழுந்தனார் இருவரின் பங்கும் இருப்பதால், முழு வாடகையையும் கேட்டு வழக்குத் தொடுக்க அவர்களும் வாதிகளாகச் சேர வேண்டும், அல்லது உங்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும்.

நோட்டீஸ் போன பிறகு, புதிய பத்திரம் எழுதலாம் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வரக்கூடும். வரவேற்றுப் பேசுங்கள். ஆனால் பழைய பாக்கி முழுவதும் தீர்ந்ததாக ஒரு வரி அந்தப் பத்திரத்தில் நுழைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். குத்தகைதாரர் இடத்தில் குடியரசுத் தலைவர் என்றும், கையொப்பத்தின் கீழே 'குடியரசுத் தலைவருக்காகவும் அவர் சார்பிலும்' என்றும், அதன் கீழே அலுவலரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். அந்தப் பதவி, தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு வந்த பதிலில் அதிகாரம் பெற்றதாகக் குறிப்பிடப்பட்ட அதே பதவியாகவும் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே சாவியைப் பற்றிப் பேசுங்கள்.